இரண்டு கொப்பி

சூரியனை நான் முதன்முதலில் கண் கூசாமல் பார்த்தது அம்மாவின் இடுப்பெலும்பு வழியாகத்தான்.

2010 ஜனவரி 15. பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை. யாழ்ப்பாணப் பக்கம் சூரியன் வளையல் மாதிரித் தெரியுமாம், நம்ம பக்கம் கடித்துவைத்த ரொட்டி மாதிரித் தெரியுமாம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மத்தியானம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது. அம்மாயி தண்ணீர்க் குடத்திலும் சோற்றுப் பானையிலும் அறுகம்புல்லைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "வயசுக்கு வந்த புள்ளைங்க இஸ்தோப்புப் பக்கங்கூட தலை காட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதினைந்து வயது. அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருந்த பழுப்பு உறையை உருவிக்கொண்டு பின்பக்கமாகப் பீலிக்கரைக்கு ஓடிவிட்டேன்.

உறைக்குள் இருந்தது 2008இல் எடுத்த எக்ஸ்ரே படம். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு பட்டாம்பூச்சி. அதன் அடியில், இரண்டு பக்கத்து எலும்பும் வந்து சந்திக்கிற இடத்தில், குறுக்கே ஒரு தகடு. தகட்டிலிருந்து கீழ்நோக்கி ஆறு ஆணி. பல் கழன்ற சீப்பைப் போலிருந்தது. அந்தச் சீப்புக்குப் பின்னால் சூரியன் ஓரம் தேய்ந்துகொண்டிருந்தது. ஐந்து ஆணியின் தலை தகட்டோடு ஒட்டிக்கிடந்தது. ஓரத்து ஆணி மட்டும் தலையைக் கொஞ்சம் தூக்கியிருந்தது, பலகையில் முழுக்க இறங்காத ஆணி மாதிரி. அது அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

(எக்ஸ்ரே படம் சூரியனிடமிருந்து கண்ணைக் காக்காது. இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை.)

படத்தை உறைக்குள் வைத்துவிட்டு வந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கிரகணத்துக்கு அடுப்பு மூட்டக்கூடாது என்பது அம்மாயியின் சட்டம். அம்மாவுக்கு மட்டும் அதில் விலக்கு. கொதித்தது பொல்பலா. பதுளை பஸாரில் காயவைத்துக் கட்டு கட்டாக விற்பார்கள். மூத்திரக் கடுப்புக்குச் சிங்கள வீடுகளிலும் இதுதான், நம் வீடுகளிலும் இதுதான். சிங்களத்தில் பொல் என்றால் தேங்காய், பலா என்றால் கீரை. யாழ்ப்பாணத்தாரும் இதைத் தேங்காய்ப்பூக் கீரை என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மொழிக்காரரும் அந்த வெள்ளைப் பூவைப் பார்த்துத் தேங்காய்த் துருவலையே நினைத்திருக்கிறார்கள். அம்மாயியின் ஆட்கள் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள்; அவர் வாயில் இது சிறுபீளை. பொங்கலுக்கு வேப்பிலையோடு சேர்த்துக் கூரையில் செருகுகிற பூ. ஆகவே அந்தத் தை மாதத்தில் ஒரே செடி வீட்டின் தலையிலும் இருந்தது, அடுப்பிலும் இருந்தது.

அம்மா அதைக் குடிக்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் குடித்தார்.

லொறி சாய்ந்தது 2006இல். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் பக்கத்து டிவிஷனுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லொறி. மழை பெய்து ஊறிய மண்ரோடு. வளைவில் ஓரம் சரிந்து லொறி பக்கவாட்டில் படுத்துவிட்டது. பள்ளத்தில் உருளவில்லை, தேயிலைச் செடிகள் தாங்கிக்கொண்டன. யாரும் சாகவில்லை. அதனாலேயே அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

சாவு விழுந்தால் வரும். 2021 மார்ச் 20 காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை ரோட்டில் 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பதினான்கு பேர் என்று முதல் செய்தி சொன்னது. தோட்ட ஆட்களுக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கெசட்டில் வந்த அதே மார்ச் மாதம். 2025 செப்டெம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய ரோட்டில் தங்காலை நகரசபை ஆட்கள் சுற்றுலா வந்துவிட்டுத் திரும்பிய பஸ், பதினைந்து பேர். இரண்டு முறையும் நான் செய்தியின் கடைசி வரியைத்தான் தேடினேன். இத்தனை பேர் காயமடைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள் என்று ஒரு வரி இருக்கும். மறுநாள் அந்த வரி இருக்காது. காயப்பட்டவர்களுடைய கதை அதற்கு மறுநாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சாய்ந்த லொறியின் பக்கப் பலகைக்கும் மேட்டுக்கும் நடுவில் அம்மா இருந்தார். இடுப்பில் படங்கு கட்டியபடி. தெரியாதவர்களுக்கு: கொழுந்தெடுக்கிறவர்கள் தேயிலை மிலார் குத்தாமல் இருக்கவும் பனி ஈரம் ஏறாமல் இருக்கவும் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிற தடித்த சீட்டு அது. மூச்சு வாங்கட்டும் என்று பக்கத்தில் இருந்த அக்கா அதை அவிழ்க்கப் போனாராம். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா ஓடிவந்து, "அவுக்காதே! அவுக்காதே!" என்று கத்தியிருக்கிறார். படங்கை அப்படியே விட்டு, அதற்கு மேலே ஒரு பெட்ஷீட்டை மடித்துத் தொடை எலும்பின் மேல்முட்டு இருக்கிற மட்டத்தில் சுற்றி, இரண்டு பக்கமும் இரண்டு ஆளை நிற்கவைத்து இழுக்கச் சொல்லி முடிச்சுப் போட்டார். முழங்கால் இரண்டையும் சேர்த்துத் தலைத்துண்டால் கட்டினார்.

இடுப்பு வளையம் முன்னால் பிளந்தால் உள்ளே இரத்தம் குடம் குடமாகக் கொட்டும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வளையத்தைச் சேர்த்துக் கட்டினால் கொட்டுவதற்கு இடம் குறையும். இன்றைக்கு இதற்கென்றே பெல்ட் விற்கிறார்கள். பெல்ட் இல்லாத இடத்தில் பெட்ஷீட்டே போதும் என்று வைத்தியப் புத்தகங்களே சொல்கின்றன. எங்கள் டிஸ்பென்சரி ஐயா எந்தப் புத்தகத்தில் படித்தார் என்று எனக்குத் தெரியாது. தோட்ட ஆட்களுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1872இல் சட்டம் போட்டான், 1912இல் திருத்திப் போட்டான். ஆள் செத்தால் கொழுந்து எடுக்க ஆளில்லை என்கிற கணக்கில் போட்ட சட்டம்தான். அந்தக் கணக்கில் பிறந்த டிஸ்பென்சரியில், எல்லா வருத்தத்துக்கும் ஒரே நிறத்துக் குளிசை கொடுக்கிறார் என்று லயமே கேலி செய்த ஒரு மனிதர், அன்றைக்கு ஒரு முடிச்சுப் போட்டார். அம்மா இன்றைக்கு இருக்கிறார்.

முடிச்சு என்றதும் தெமோதரை ஞாபகம் வருகிறது. அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து தன் ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகும். கங்காணி ஒருத்தர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, எங்கள் ஆட்களுக்குப் பிடித்த கதை. ரோடு போட்டவர்கள், பாலம் கட்டக் கல் சுமந்தவர்கள் என்று எங்கேயும் பேர் இல்லாதவர்களுக்கு ஒரு தலைப்பாகையாவது மிச்சம்.

2014இல் அம்மாவை நான் ரயிலில் கூட்டிப்போனது அந்தப் பாதையில்தான். ஆனால் அது பிறகு.

முதல் ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். மொத்தம் மூன்று ஆஸ்பத்திரி. ஒன்றின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. நல்ல வேலை செய்தவர்களும் தப்புச் செய்தவர்களும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தார்கள். உடைவின் பெயர் 'ஓபன் புக்'. முன்பக்கம் இரண்டு எலும்பையும் சேர்க்கிற குருத்து கிழிந்து, விரித்து வைத்த புத்தகம் மாதிரி இடுப்பு திறந்துகொள்வது. சாதாரணமாக அந்த இடைவெளி அரைச் சென்றிமீட்டர்கூட இருக்காது. இரண்டரைக்கு மேல் போய்விட்டால் பின்னால் எலும்புகளைப் பிணைத்திருக்கிற நார்களும் அறுந்திருக்கும், தகடு வைத்துச் சேர்ப்பார்கள். அடிவயிற்றில், புடவைக் கட்டுக்குக் கீழே, சிரிக்கிற வாய் மாதிரிக் குறுக்கே ஒரு வெட்டு. அதன் வழியாகத் தகடு, ஆறு ஆணி.

அந்த வெட்டுக்கு ஒரு ஜெர்மன்காரர் பெயர், ஃபன்னன்ஸ்டீல். பொம்பளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், 1900இல் எழுதிவைத்தார். பிள்ளையை வயிற்றை வெட்டி எடுக்கும்போது போடுகிற வெட்டும் அதேதான். எங்கள் ஊர்ப் பேச்சில் சீசர்.

இதை நான் இவ்வளவு சாவகாசமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அதே லொறியில் இருந்த ஒரு அண்ணனுக்கும் இடுப்பு உடைந்தது. அவருக்கு எலும்பைவிட மூத்திரக் குழாய்தான் வம்பாகிப் போனது. ஆம்பளைகளுக்கு அந்தக் குழாய் நீளம். இடுப்பெலும்பு விலகும்போது நடுவில் இழுபட்டு அறுந்துவிடும். பொம்பளைகளுக்குக் குட்டைக் குழாய், அறுவது குறைவு. அவருக்குக் கீழ்வழியாக டியூப் போட முடியாமல் தொப்புளுக்குக் கீழே ஓட்டை போட்டு மூத்திரப்பையில் நேரே டியூப் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அறுந்த குழாயின் இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்தார்கள். தைத்த இடம் பிறகு சுருங்கியது, திரும்ப விரித்தார்கள், திரும்பச் சுருங்கியது. மூத்திரப் பையை ஷொப்பின் பேக்குக்குள் மறைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பார். லயத்துப் பையன்கள் அவருக்கு 'பேக்குக்காரர்' என்று பேர் வைத்தார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். கலியாணம் பேசியிருந்த இடத்தில் பேச்சு நின்றுபோனது. அவருடைய வருத்தம் எல்லாருக்கும் தெரிந்தது, ஏனென்றால் அது கையில் தொங்கியது. அம்மாவுடையது உள்ளே இருந்தது.

அம்மா ஆறு மாதத்தில் நடந்தார், ஒரு வருஷத்தில் மலைக்குப் போனார். 2008இல் எலும்புக் கிளினிக்கில் கடைசிப் படம் எடுத்து, எலும்பு சேர்ந்துவிட்டது, இனி வரத் தேவையில்லை என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். நாற்பது பக்கக் கொப்பி, அட்டையில் கிளினிக் நம்பர். அதுதான் முதல் கொப்பி. அதை எக்ஸ்ரே உறைக்குள் போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், கலியாணப் புடவைக்குக் கீழே வைத்தார்.

அந்தப் படத்தில் தலையைத் தூக்கியிருந்த ஆணியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். முன்பக்க மூட்டு நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் அசைகிற மூட்டு. எலும்பு ஆறிய பிறகும் அசையும். இரும்பு அசையாது. ஆகவே நாளடைவில் ஆணி தளருவதும் தகடு முறிவதும் அடிக்கடி நடக்கிறதுதான். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொல்லையும் வராது, உள்ளேயே கிடக்கும், எடுக்கவும் மாட்டார்கள். அதைப் பார்த்த டொக்டர் பார்த்துத்தான் விட்டிருப்பார். அன்றைக்கு விட்டது தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில். அந்த மூட்டுக்கு நேர் பின்னால், ஒரு விரல் தூரங்கூட இல்லாமல், மூத்திரப்பை இருக்கிறது.

2009இல் ஆரம்பித்தது. ஒண்ணுக்குப் போய் முடியும்போது கடைசியில் ஒரு சுருக். பிறகு அடிக்கடி காய்ச்சல். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதும் சொன்னதாக இல்லை. பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, "பாப்பா, அந்தப் பாவாடைய நீ தொடாத, நா கசக்கிக்கிறேன்" என்றார். அதில் செம்மண் தண்ணீர் மாதிரி ஒரு கறை இருந்தது. மாதக் கணக்கு எனக்குத் தெரியும். அது அந்தக் கறை இல்லை.

டிஸ்பென்சரியில் குளிசை. கேட்கவில்லை. பஸ் ஏறி இரண்டாவது ஆஸ்பத்திரி, ஓபீடீ. விடிய நாலு மணிக்குக் கிளம்பி, நம்பர் எடுத்து, பத்து மணிக்கு டொக்டர் முன்னால் மூன்று நிமிஷம். அம்மாவின் சிங்களம் கடைச் சிங்களம். அரிசி, சீனி, எவ்வளவு, குறைச்சுக் கொடு. மூத்திரத்துக்குப் பெரியவர்கள் சொல்லுகிற சொல் அவருக்குத் தெரியாது. லயத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் தாயிடம் சொல்லக் கேட்ட சொல் ஒன்றுதான் தெரியும். நாற்பது வயதுப் பொம்பளை, மேசைக்கு முன்னால் நின்று, "சூ யனகொட்ட ரிதெனவா" என்பார். மூச்சா போகும்போது வலிக்குது. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். டொக்டரும் சில நேரம் சிரித்துவிடுவார், கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அம்மா மற்றதைச் சொல்லமாட்டார்.

"வதுர ஹொந்தட பொன்ன." தண்ணி நல்லாக் குடி. ஒவ்வொரு தடவையும் இது. நல்ல யோசனைதான். ஆனால் மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் பிரட்டு முடிந்து ஏறினால் மத்தியானம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் இறங்க முடியாது. கொழுந்தெடுக்கிற பொம்பளைகள் காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்வதே அதற்காகத்தான். தண்ணீர் குடித்தால் நிரைக்குள் குந்த வேண்டும். அட்டை கடிக்கும், கங்காணி பார்ப்பான். அரை மணிக்கொரு தரம் குந்தினால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அம்மாவுக்கு அந்த வருஷங்களில் எத்தனையோ அரைப்பேர். (மூத்திரத்தை அடக்கியதால் ஆணி குத்தியதா என்று பிறகு நான் ஒரு டொக்டரிடம் கேட்டேன். இல்லை, ஆணி அதன் பாட்டில் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அடக்கியது கிருமிக்குத்தான் வசதி என்றார். கேட்டதில் ஒரு ஆறுதலும் இல்லை.)

ஓபீடீயில் கொப்பி கிடையாது, துண்டு. ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு, ஐந்து நாள் குளிசை, துண்டு குப்பைக்கு. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள்; அங்கே இரண்டாவது கொப்பி கிடைத்தது. அந்தக் கொப்பியில் மூத்திரம் சோதித்த விவரம் எல்லாம் இருந்தது. கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கியும் பார்த்திருக்கிறார்கள். அடிவயிற்றுத் தழும்பையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிறகு நான் அந்த வரியைத் தேடிப் படித்தேன்: சீசர் தழும்பு. இரண்டு வேறு கையெழுத்தில் இரண்டு தடவை.

நாங்கள் மூன்று பிள்ளைகள். மூன்றும் சுகப்பிரசவம். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, கேட்காததை அம்மா சொல்லவில்லை. எலும்புக்கும் மூத்திரத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? எலும்புக் கொப்பி பெட்டிக்கு அடியில் இருந்தது, மூத்திரக் கொப்பி ஆணியில் தொங்கிய பையில் இருந்தது. எட்டடிக் காம்பராவின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் உள்ள தூரம்தான். அதைக் கடக்க ஐந்து வருஷம் பிடித்தது.

கடந்தது ஒரு சொல்லால். 2014 செப்டெம்பரில் அம்மாவுக்கு மூத்திரம் முழுக்க இரத்தமாகி, பிறகு அடைத்துக்கொண்டது. நான் கூடப் போயிருந்தேன். வார்ட்டில் ஒரு இளம் டொக்டர் மிஸ், படிப்பு முடித்துப் புதிதாக வந்தவர் போலிருந்தார், கண்ணில் தூக்கம். தழும்பைப் பார்த்தார். எல்லாரையும் போல எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கணக்குக் கேட்டார்: "சீசர் கீயத?" எத்தனை சீசர்?

அம்மா வலியில் கண்ணை மூடிக்கொண்டே, "சீசர் நே மிஸ்... லொறி" என்றார்.

பேனா நின்றது. "லொறி?" என்றார் அந்த மிஸ். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தகடு என்பதற்குச் சொல் வராமல் விரலால் ஆறு காட்டி, நடுவில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் கொப்பியை மூடிவிட்டு, வீட்டில் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார்.

பின்னேரம் பசறை பஸ்ஸில் வீட்டுக்கு ஓடி, உறையை எடுத்துக்கொண்டு மறுநாள் விடியப் போனேன். அன்றைக்குத்தான் இரண்டு கொப்பியும் ஒரே மேசையில் கிடந்தன. பக்கத்தில் புதிதாக எடுத்த எக்ஸ்ரே. நாலு வருஷத்துக்கு முன் சூரியனுக்கு எதிரில் பிடித்த அதே படத்தை டொக்டர் விளக்குப் பெட்டியில் செருகினார், பழையதும் புதியதும் அருகருகே. தலையைத் தூக்கியிருந்த ஆணி புதுப் படத்தில் இன்னும் தள்ளிப்போயிருந்தது. தகடு நடுவில் முறிந்து ஒரு பாதி பின்னால் சாய்ந்திருந்தது. ஆணியைச் சுற்றி வெள்ளையாக, நெல்லிக்காய் அளவில், ஒரு உருண்டை.

மூன்றாவது ஆஸ்பத்திரியில், அது ரயிலில் போகிற தூரம், மூத்திரப் பாதை வழியாகக் கமரா விட்டுப் பார்த்த பெரிய டொக்டர் அம்மாவின் இரண்டாவது கொப்பியின் பின்னட்டையில் ஒரு படம் வரைந்து காட்டினார். ஒரு பலூன். பலூனின் முன்சுவரைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கோடு. கோட்டைச் சுற்றிக் கிறுக்கல். சில வகைக் கிருமி மூத்திரத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். அப்போது மூத்திரம் காரமாகி, அதில் கரைந்திருக்கிற மக்னீசியமும் கல்சியமும் எதில் ஒட்டலாம் என்று தேடும். இரும்பு கிடைத்தால் விடாது. ஆயிரத்தில் ஒருவருக்கா என்று கேட்டேன். எண் சொல்ல முடியாத அளவுக்கு அபூர்வம், ஆனால் சில மாதத்திலும் வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம் என்றார். இடுப்பில் இரும்பு வைத்தவருக்கு மூத்திரத்தில் கிருமி திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இரும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சுற்றி நின்ற மாணவர்களிடம் சொன்னார். அம்மாவைக் கட்டிலில் வைத்துக்கொண்டு.

அங்கே போகிற ரயில்தான் தெமோதரை வழியாகப் போனது. அம்மாவுக்கு டியூப் போட்டிருந்தார்கள். அந்த டியூப்பின் நுனியில் ஒரு குட்டிப் பலூன் இருக்கும், உள்ளே போனதும் தண்ணீர் ஏற்றி ஊதினால் நழுவாது. 1930களில் அமெரிக்காவில் ஃபோலி என்கிற டொக்டர் கொண்டுவந்தது; வார்ட்டில் யாரும் டியூப் என்றோ பலூன் என்றோ சொல்லாமல் அந்த மனிதரின் பெயரைத்தான் சொல்வார்கள். பை அம்மாவின் காலில், புடவைக்குள். முன் ஸீட்டில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்கக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சிங்களப் பாட்டி அம்மா குனிந்து குனிந்து காலைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பண்டாரவளை தாண்டியதும் தன்னுடைய துண்டை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், அம்மாவின் மடியிலிருந்து முழங்கால்வரை விரித்துவிட்டார். இறங்கும்போது திரும்பக் கேட்கவில்லை.

எலும்பு டொக்டரும் மூத்திர டொக்டரும் ஒரே மேசையில் நின்று நாலு மணிநேரம். கல்லை உடைத்து, ஆணிகளைக் கழற்றி, தகட்டின் இரண்டு பாதியையும் எடுத்து, பையை இரண்டு அடுக்காகத் தைத்தார்கள். இடுப்பு ஏற்கெனவே சேர்ந்திருந்ததால் வேறு தகடு தேவைப்படவில்லை. இரண்டு வாரம் டியூப். பிறகு சாயம் ஏற்றி ஒழுகவில்லை என்று பார்த்து எடுப்பது.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் அக்டோபர் 29. காலையில் பக்கத்துக் கட்டில் அக்காவின் போன் அடித்தது. கொஸ்லந்தைப் பக்கத்து ஆள். மீரியபெத்தையில் மண் சரிந்து லயம் போய்விட்டது என்றார்கள். அந்த அக்கா போனைக் காதில் வைத்தபடி எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார், டியூப்பும் பையுமாக, எங்கே போகிறோம் என்று தெரியாமல். நர்ஸ் மிஸ் வந்து பிடித்துத் திரும்பக் கூட்டிவந்தார். அன்று முழுக்க வார்ட்டில் யாரும் தங்கள் வருத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவும் தன்னுடைய பையை நான் காலி செய்ய விடாமல் தானே செய்துகொண்டார்.

கல்லின் துண்டுகளை அம்மா கேட்டு வாங்கி வந்தார். சித்தாலேப்ப டப்பியில் பஞ்சு வைத்து அதற்குள். அம்மாயிக்கு அது பிடிக்கவில்லை, வீட்டுக்குள் பீடை என்றார். இங்கிலாந்தில் சாமுவேல் பீப்ஸ் என்று நாட்குறிப்பு எழுதிய ஒருவர் இருந்தார். 1658 மார்ச் 26இல் மயக்க மருந்து இல்லாத காலத்தில் மூத்திரப்பைக் கல்லை வெட்டி எடுத்துப் பிழைத்தவர். அந்தக் கல்லுக்குப் பெட்டி செய்து வைத்திருந்தார், வருஷா வருஷம் அந்த நாளில் விருந்து வைத்தார். இதை நான் சொன்னபோது அம்மா டப்பியை மூடிக்கொண்டே, "அவருக்கு ஆள் இருந்திருக்கு, கூப்புட்டு சோறு போட" என்றார்.

பொல்பலாவை மட்டும் நிறுத்தவில்லை.

2019 டிசெம்பர் 26. மறுபடி சூரிய கிரகணம், மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வளையல், எங்களுக்குக் கடித்த ரொட்டி. இந்தத் தடவை காலையில். அம்மாயி போய்ச் சேர்ந்திருந்தார், கதவு சாத்தச் சொல்ல ஆளில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த கிரகணக் கண்ணாடி இரண்டு என்னிடம் இருந்தது. லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு நிமிஷம் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து பழுப்பு உறையோடு வந்தார்.

"அத வச்சு சூரியனப் பாக்கக்கூடாதும்மா."

"சூரியன யாரு பாக்கப் போறா."

2015இல் எடுத்த கடைசிப் படத்தை உருவி, சூரியனுக்கு முதுகைக் காட்டி, நமுனுகுலைப் பக்கத்து வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் மங்கிப்போய்ச் சாயந்தரம் மாதிரி இருந்தது. பட்டாம்பூச்சியின் அடியில் தகடு இல்லை. ஆணி இருந்த இடங்களில் மங்கலாக ஓட்டைகள். ஒரு ஓரத்தில் மட்டும் மூக்குத்திச் சுரை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி.

"இது என்னா?"

"ஆணி முனைம்மா. உள்ளுக்கு ஒடைஞ்சது. தோண்டுனா எலும்பு போயிரும்னு விட்டுட்டாங்க. எலும்புக்குள்ளதான் இருக்கு, ஒண்ணும் செய்யாது."

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படத்தை உறைக்குள் விட்டு, அதோடு இரண்டு கொப்பியையும் சேர்த்து வைத்து, வாயை மடித்து என் கையில் தந்தார்.

"ஒங்கிட்டயே வச்சிக்க. அடுப்புல தண்ணி கொதிக்குது."